‘ரன்’ என்னும் ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாலை நேர ஆங்கில வகுப்புக்கு வருகிறவர்களில் கல்லூரி மாணவர், கடை வைத்திருப்பவர், வேலைத் தேர்வுக்குப் படிப்பவர் என எல்லாத் தரப்பினரும் உண்டு. யாராக இருந்தாலும், ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துள்ள ‘ரன்’ என்ற சொல்லில் ஒரு நாள் தடுக்கி நிற்கிறார்கள். திரும்பத் திரும்ப வந்த ஐயங்களைக் கேட்டவர்களின் வாசகத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஆங்கிலத் தொடர்களை ஒலிப்புக்கு ஏற்பத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருக்கிறேன்.

‘ரன்’ என்றால் ‘ஓடு’ என்றுதானே பள்ளியில் படித்தோம்? கடையும் மூக்கும் எப்படி ஓடும்?

பள்ளியில் படித்தது தவறில்லை. அது முதல் பொருள். முழுப் பொருள் அன்று. நாமும் ‘ஓடு’ என்பதைக் காலால் ஓடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. ஆறு ஓடுகிறது, மின்விசிறி ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடியது, ஏதோ குடும்பம் ஓடுகிறது என்று நாள்தோறும் சொல்கிறோம். ஒன்று தடைபடாமல் தொடர்ந்து நடக்கிறது என்பதே இவற்றுக்கெல்லாம் பொதுவான கருத்து. ‘ரன்’ என்பதன் பொருள்களையும் விரைதல், பாய்தல், இயங்குதல், நீளுதல் என்ற நான்கு வழிகளில் பெரும்பாலும் அடக்கிவிடலாம்.

இவற்றுள் பாய்தல் பிற்காலத்தில் வந்து ஒட்டிக்கொண்ட பொருள் அன்று. பழைய ஆங்கிலத்திலேயே மனிதர் விரைவதையும் நீர் பாய்வதையும் இச்சொல்லே குறித்தது. அதே குடும்பத்தைச் சேர்ந்த ஜெர்மன் மொழியில் இன்றும் ஓடுவதற்கு ‘ரென்னன்’, வழிந்து பாய்வதற்கு ‘ரின்னன்’ என்று இரண்டு சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. ஆங்கிலத்தில் அவை ஒன்றாகிவிட்டன. மூக்கு ‘ரன்’ ஆவது அந்த இரண்டாவது வழியில்தான்.

வண்டி ஓடுகிறது, அவர் வண்டி ஓட்டுகிறார் என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ரன்’ தானா?

குழப்பத்தில் பாதி இந்த இடத்தில்தான் பிறக்கிறது என்பது என் கருத்து. தமிழில் தானாக நிகழ்வதையும் ஒருவர் நிகழ்த்துவதையும் வினையின் வடிவமே பிரித்துக் காட்டிவிடும்: ஓடு, ஓட்டு, நட, நடத்து, இயங்கு, இயக்கு. ஆங்கிலத்தில் ‘ரன்’ வடிவம் மாறாமல் இரண்டு வேலையையும் செய்கிறது. ‘தி மெஷின் ரன்ஸ்’ என்றால் இயந்திரம் ஓடுகிறது. ‘ஷி ரன்ஸ் தி மெஷின்’ என்றால் அவர் இயந்திரத்தை இயக்குகிறார். ‘ஷி ரன்ஸ் எ ஹோட்டல்’ என்றால் ஹோட்டல் நடத்துகிறார்.

ஆகவே ‘ரன்’ என்பதற்குப் பின்னால் நேரடியாக ஒரு பெயர்ச்சொல் வந்தால், முதலில் ‘நடத்து’, ‘இயக்கு’ என்ற பொருளை வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பொருந்திவிடும். பொருந்தாத இடங்களைப் பின்னால் சொல்கிறேன்.

இந்தச் சொல்லுக்கு 645 அர்த்தம் இருக்கிறது என்று படித்தேன். உண்மையா? அத்தனையும் மனப்பாடம் செய்ய வேண்டுமா?

எண் உண்மைதான். ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989 இல் வந்தபோது ‘செட்’ என்ற வினைச்சொல்லின் பதிவுதான் மிக நீளமானது. அதை விளக்க ஏறத்தாழ 60,000 சொற்கள் தேவைப்பட்டன. அகராதியைத் திருத்தி எழுதத் தொடங்கியபின் அந்த முதலிடம் 2000 இல் ‘மேக்’ என்ற சொல்லுக்கும், 2007 இல் ‘புட்’ என்ற சொல்லுக்கும், 2011 இல் ‘ரன்’ என்ற சொல்லுக்கும் போனது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்தப் பதிவைத் தயாரித்த பீட்டர் கில்லிவர் என்ற அகராதியாசிரியருக்கு ஒன்பது மாதங்கள் ஆயின.

மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, செய்யவும் கூடாது. அது வரலாற்று அகராதி. வழக்கொழிந்த பொருளும் அதில் இருக்கும். கப்பல், சுரங்கம் போன்ற தொழில்களுக்கு மட்டும் உரியதும் இருக்கும். நாம் ஒன்றாகவே கருதுகிற ஒரு பொருளை நுணுக்கமான வேறுபாட்டுக்காகப் பல கூறுகளாகப் பிரித்தும் எண்ணியிருப்பார்கள். இந்த எண்ணைக் கேட்டே ஆங்கிலம் நமக்கு வராது என்று முடிவுகட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எனக்கு உண்மையாகவே வருத்தம் தருகிறது. ஆங்கிலேயருக்கும் அந்தப் பட்டியல் மனப்பாடம் இல்லை.

பட்டியல் வேண்டாம் என்றால், ஒரு வாக்கியத்தில் எந்த அர்த்தம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

தொல்காப்பியத்தின் கிளவியாக்கம் என்ற இயலில் இதற்கு வழி சொல்லப்பட்டிருக்கிறது. பல பொருள் ஒரு சொல்லின் பொருளை அதனோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளியலாம் என்பது அங்குள்ள கருத்து. ‘மா’ என்று மட்டும் சொன்னால் மரமா விலங்கா என்று தெரியாது. ‘மா பூத்தது’ என்றால் மரம். ‘மா ஓடியது’ என்றால் விலங்கு.

‘ரன்’ வினையாகவே இருப்பதால், இங்கே நாம் பார்க்க வேண்டியது அதனோடு வரும் பெயரை. எது ‘ரன்’ ஆகிறது, எதை ‘ரன்’ செய்கிறார்கள் என்று பாருங்கள். குழாய், மூக்கு, மை, கண்ணீர் என்று நீர்த்தன்மை உள்ளது வந்தால் பாய்தல். இயந்திரம், கணினி நிரல், பேருந்து, கடை வந்தால் இயங்குதல் அல்லது நடத்துதல். சாலை, வேலி, ஒப்பந்தம், கட்டுரை வந்தால் நீளுதல். அடுத்து, ‘ரன்’ என்பதற்குப் பின் ‘இன்டு’, ‘ஓவர்’, ‘அவுட்’ போன்ற சிறு சொல் ஏதேனும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இந்த இரண்டையும் பார்த்தபின் அகராதியைத் திறந்தால் எந்த வரியைப் படிக்க வேண்டும் என்பது உங்களுக்கே தெரியும்.

‘ஹேஸ் ரன்’ சரியா, ‘ஹேஸ் ரேன்’ சரியா?

‘ஹேஸ் ரன்’ என்பதே சரி. ‘ரேன்’ என்பது தனியாக வரும் இறந்தகாலம்: ‘ஷி ரேன் எ ஷாப்’. ‘ஹேஸ்’, ‘ஹேவ்’, ‘ஹேட்’ வந்தால் மீண்டும் ‘ரன்’ ஆகிவிடும். போட்டித் தேர்வுகளில் பிழை கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகளில் ‘ஹேட் ரேன்’ விரும்பி வைக்கப்படுகிற பிழை.

பவுண்டரி அடித்தால் யாரும் ஓடவே வேண்டாமே. பிறகு ஏன் நான்கு ‘ரன்’?

இரண்டு மட்டையாளர்களும் ஒருவரையொருவர் கடந்து எதிர்முனைக் கோட்டைச் சேர்ந்தால் ஒரு ரன் என்பது கிரிக்கெட்டின் அடிப்படை விதி. ஆடுகளத்தின் நீளம் 22 கெஜம். பழைய நாள்களில் ஒவ்வொரு முறை ஓடி முடித்ததும் ஒரு குச்சியில் வெட்டுக்குறி இட்டுக் கணக்கு வைத்தார்கள். ஓடுகிற செயலின் பெயரே நாளடைவில் கணக்கின் அலகாகிவிட்டது. அலகாக ஆனபின் அதற்கு ஓட்டம் தேவைப்படவில்லை. எல்லைக்கோட்டைத் தாண்டினால் நான்கோ ஆறோ, அகலப்பந்து வீசினால் ஒன்றோ, அதே அலகில் கூட்டிக்கொள்கிறார்கள். இலங்கைத் தமிழ் நாளிதழ்களில் ‘ஓட்டங்கள்’ என்றே எழுதுகிறார்கள்; அந்தச் சொல்லும் இதே வழியில்தான் வேலை செய்கிறது.

‘ரன்னர்’ என்பதையும் இத்துடன் கேட்பதுண்டு. காயம்பட்ட மட்டையாளருக்காக ஓடுகிறவர் அவர். சர்வதேசப் போட்டிகளில் 2011 இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. ‘ரன்னர் அப்’ என்பது வேறு. இறுதிப் போட்டியில் தோற்று இரண்டாம் இடம் பெற்றவரைக் குறிக்கும்.

கிரிக்கெட்டில் ‘ரன் அவுட்’ என்றால் ஆட்டமிழப்பது. வீட்டில் பால் ‘ரன் அவுட்’ என்றால்?

தீர்ந்துவிட்டது என்று பொருள். கிரிக்கெட்டில் ‘அவுட்’ என்பதே ஆட்டமிழத்தல். ஓடும்போது அது நேர்வதால் ‘ரன் அவுட்’. பால் விஷயத்தில் ‘ரன்’ என்பது பாய்தல். பாத்திரத்திலிருந்து கடைசிச் சொட்டு வரை ஒழுகி வெளியேறிவிட்ட நிலை. பணம், நேரம், பொறுமை எல்லாமே இப்படித் தீர்ந்துபோகும்.

பிழை நேர்வது வாக்கிய அமைப்பில். பாலை எழுவாயாக வைத்தால் ‘தி மில்க் ஹேஸ் ரன் அவுட்’ என்று நிறுத்திவிட வேண்டும். நம்மை எழுவாயாக வைத்தால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் மில்க்’. பின்னால் வருவது ஓர் இடத்தின் பெயரானால் பொருள் மீண்டும் கால்களுக்கு வந்துவிடும். ‘ரேன் அவுட் ஆஃப் தி ஹவுஸ்’ என்றால் வீட்டைவிட்டு வெளியே ஓடினார். வாக்கியம் ஒன்றுபோலவே இருக்க, பெயர்ச்சொல் ஒன்று மாறியதும் பொருள் முழுதும் மாறுவதைக் கவனியுங்கள்.

‘ஐ ரேன் இன்டு மை டீச்சர்’ என்று எழுதினேன். வாத்தியார் மேல் மோதிவிட்டாயா என்று நண்பன் கேட்டான். யார் சரி?

இருவரும் சரிதான். ‘ரன் இன்டு’ என்பதற்குத் தற்செயலாகச் சந்தித்தல் என்றும் மோதுதல் என்றும் பொருள் உண்டு. ஆளைச் சொல்லி வேறெதுவும் சொல்லாவிட்டால் சந்தித்தல்; மரம், சுவர், லாரி என்று வந்தால் மோதல். தொகை வந்தால் மூன்றாவது பொருள்: ‘தி லாஸ் ரன்ஸ் இன்டு க்ரோர்ஸ்’ என்றால் இழப்பு கோடிக்கணக்கில் போகிறது.

‘ரன் ஓவர்’ விஷயத்தில் எச்சரிக்கை தேவை. வாகனத்தோடு வந்தால் ஒருவர்மீது ஏற்றிவிடுதல். கூட்டத்தோடு வந்தால் குறித்த நேரத்தைத் தாண்டுதல். குறிப்புகளோடு வந்தால் ஒருமுறை மேலோட்டமாகப் பார்த்தல். ‘ரன் டவுன்’ என்பதும் அப்படியே: பேட்டரி தீரும், ஆள்மீது வண்டி மோதும், ஒருவரை மட்டம்தட்டிப் பேசுவதும் அதுவே. இவற்றை மட்டும் தனிச் சொற்களாகவே கருதிப் பழக வேண்டும். ‘ரன்’ என்பதையும் ‘டவுன்’ என்பதையும் கூட்டிப் பார்த்து விடை காண முடியாது.

வீட்டில் உட்கார்ந்துகொண்டே ‘ஐ ஆம் ரன்னிங் லேட்’ என்கிறார்கள். எங்கே ஓடுகிறார்கள்?

ரயில் நிலைய அறிவிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். வண்டி 40 நிமிடம் தாமதமாக ஓடுகிறது என்றால், கால அட்டவணையோடு ஒப்பிட்டு அதன் நிலையைச் சொல்கிறார்கள்; அந்நேரத்தில் அது சிக்னலுக்காக நின்றுகொண்டுகூட இருக்கலாம். மனிதருக்கும் அந்த வழக்கு வந்துவிட்டது. என் நாளின் அட்டவணையில் நான் பின்தங்கியிருக்கிறேன் என்பதே கருத்து. பேருந்து பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ‘ரன்ஸ்’ என்பதும் சேவை நடப்பதைத்தான் சொல்கிறது, வேகத்தை அன்று.

ரன்னிங் ஃபீட், ரன்னிங் பில், ரன்னிங் பஸ், ரன்னிங் நோட்ஸ் என்கிறோமே. இவையெல்லாம் சரியான ஆங்கிலமா, நாமே உண்டாக்கியதா?

கலந்து கிடக்கின்றன. ‘ரன்னிங் ஃபீட்’ நல்ல தொழில் ஆங்கிலம். நீளுதல் என்ற வழியில் வந்தது. பத்தடி நீளமும் இரண்டடி அகலமும் உள்ள சமையல் மேடைக்குக் கிரானைட் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்லுக்குச் சதுர அடிக் கணக்கு. 20 சதுர அடி. முன்விளிம்பை உருட்டி மெருகேற்றுவதற்கு அகலம் தேவையில்லை, நீளம் மட்டுமே. 10 ரன்னிங் ஃபீட். இந்த வேறுபாடு தெரியாமல் விலை பேசினால் இழப்பு நமக்கே. சுற்றுச்சுவர், கைப்பிடிக் கம்பி எல்லாம் இதே கணக்கில் பேசப்படுகின்றன.

‘ரன்னிங் பில்’ என்பதும் சரியான வழக்கே. ஒப்பந்த வேலை நடந்துகொண்டிருக்கும்போது, அதுவரை முடிந்த அளவுக்குப் போடும் பட்டியல் அது. வேலை முழுதும் முடிந்தபின் வருவது ‘ஃபைனல் பில்’. ரயில்வேயில் வண்டியோடு பயணம் செய்து பணிபுரியும் ஓட்டுநரையும் கார்டையும் (2022 முதல் ‘டிரெயின் மேனேஜர்’) ‘ரன்னிங் ஸ்டாஃப்’ என்பார்கள். அவர்கள் பணி முடிந்து படுத்து ஓய்வெடுக்கும் இடத்துக்குப் பெயர் ‘ரன்னிங் ரூம்’. வெளியாளுக்கு வியப்பாக இருக்கும், உள்ளே இருப்பவர்களுக்கு அது அன்றாடச் சொல்.

மற்றவை நம் ஊர் வழக்கு. ஓடும் பேருந்தில் ஏறாதே என்பதை ‘ரன்னிங் பஸ்’ என்று சொன்னால் நமக்குப் புரியும். பிற நாட்டவர் ‘மூவிங் பஸ்’ என்பார்கள். ‘ரன்னிங் ரேஸ்’ என்பதற்கு ‘ரேஸ்’ போதும். ‘ரன்னிங் நோட்ஸ்’ என்பதற்கு ‘நோட்ஸ்’ எடுத்தேன் என்றாலே போதும். நம்மவரோடு பேசும்போது இவற்றைத் திருத்திக்கொண்டிருக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு எழுதும் கடிதத்தில் மட்டும் கவனித்தால் போதும். ‘ஃபைவ் டேஸ் ரன்னிங்’ என்று எண்ணுக்குப் பின்னால் ‘ரன்னிங்’ வந்தால் தொடர்ந்து ஐந்து நாள் என்று பொருள். இது எல்லா நாட்டிலும் செல்லும்.

வெளிநாட்டில் மருத்துவரிடம் எப்படிச் சொல்வது? காய்ச்சல், மூக்கு, வயிறு எல்லாவற்றுக்கும் ‘ரன்’ வருகிறதே.

காய்ச்சல் இருந்தால் ‘ரன்னிங் எ டெம்பரேச்சர்’. ‘ரன்’ என்பதற்குப் பின் நேரடியாகப் பெயர் வந்தும் நடத்துதல் என்ற பொருள் பொருந்தாத இடங்கள் உண்டு என்று முன்னே சொன்னேனே, அவற்றுள் இது ஒன்று. மூக்கு ஒழுகினால் ‘ரன்னி நோஸ்’ என்பதே பரவலான வழக்கு. ‘தி ரன்ஸ்’ என்று சொன்னால் வயிற்றுப்போக்கு. ஆனால் அது பேச்சுவழக்கு. மருத்துவரிடம் ‘லூஸ் மோஷன்’ என்ற நம் ஊர்த் தொடரையும் விட்டுவிட்டு ‘டயரியா’ என்று சொல்வது தெளிவு.

வங்கி ‘ரன்’ என்று செய்தியில் வந்தது. வங்கியை யார் நடத்துவது என்பதைப் பற்றிய செய்தியா?

இல்லை. ‘ரன் ஆன் தி பேங்க்’ என்பதில் விரைதல் என்ற பொருளே நிற்கிறது. வங்கி முறிந்துவிடும் என்ற அச்சத்தில் பணம் போட்டவர்கள் ஒரே நேரத்தில் திரும்ப எடுக்க விரைவது அது. 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கிக் கிளைகளின் வாசலில் மக்கள் வரிசை கட்டி நின்றார்கள். அரசு வைப்புத்தொகைக்கு உத்தரவாதம் அளிக்க வேண்டியதாயிற்று. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வரிசைகூடத் தேவைப்படவில்லை. கைப்பேசியிலும் கணினியிலும் ஒரே நாளில் சுமார் 4,200 கோடி டாலரை எடுக்க முயன்றார்கள். யாரும் காலால் ஓடாதபோதும் பெயர் ‘ரன்’ என்றே நின்றது.

கவனிக்க வேண்டியது ‘ஆன்’ என்ற சிறு சொல். அது இருந்தால் கூட்டமாகப் பாய்தல். இல்லாமல் ‘ஷி ரன்ஸ் தி பேங்க்’ என்று வந்தால் அவர் அந்த வங்கியின் தலைவர்.

அமெரிக்காவில் தேர்தலுக்கு ‘ரன்’ செய்கிறார்கள். நாம் ஏன் அப்படிச் சொல்வதில்லை?

அமெரிக்காவில் பதவிக்கு ‘ரன்’ செய்வார்கள். பிரிட்டனில் ‘ஸ்டேண்ட்’ செய்வார்கள். நாம் தமிழில் தேர்தலில் நிற்கிறார் என்கிறோம். இந்திய ஆங்கிலத்தில் ‘கன்டெஸ்ட்’ பெருவழக்கு. இவ்விரு நாட்டு வேறுபாடு வேறு இடங்களிலும் உண்டு. சிவப்பு விளக்கை மீறிப் போவது அமெரிக்காவில் ‘ரன்’, பிரிட்டனில் ‘ஜம்ப்’. மெல்லிய காலுறையில் இழை பிரிந்து கோடாக ஓடினால் அங்கே ‘ரன்’, இங்கிலாந்தில் ‘லேடர்’.

‘ஹி கான்ட் அஃபோர்ட் டு ரன் எ கார்’ என்றால் கார் ஓட்டத் தெரியாது என்பதா?

இல்லை, கார் வைத்துக் கட்டுப்படியாகாது என்று பொருள். ஓட்டுதல் என்பதற்கு ஆங்கிலத்தில் ‘டிரைவ்’ என்ற தனிச் சொல் இருக்கிறது. ‘ரன் எ கார்’ என்றால் பெட்ரோல், காப்பீடு, பழுதுபார்ப்பு என்று செலவழித்துக் காரைப் பயன்பாட்டில் வைத்திருத்தல். ‘ஓட்டு’ என்ற தமிழ்ச் சொல்லை நம்பிப் போனால் இங்கே கைவிட்டுவிடும்.

ஆளை நடுவில் வைத்தால் இன்னொரு பொருள்: ‘ஐ வில் ரன் யூ டு தி ஸ்டேஷன்’ என்றால் உங்களை வண்டியில் கொண்டுபோய் நிலையத்தில் விடுகிறேன். ‘ரன் இட் பை மீ’ என்றால் முடிவெடுக்குமுன் ஒருமுறை என்னிடம் சொல்லிப் பாருங்கள். அலுவலக மின்னஞ்சல்களில் இது நிறைய வரும்.

‘தி ரோடு இஸ் ரன்னிங் அலாங் தி சீ’ என்று எழுதினால் ஏன் தவறு?

சாலை அசைவதில்லை, நீண்டு கிடக்கிறது. அது நிலையான உண்மை என்பதால் ‘ரன்ஸ்’ என்றே எழுத வேண்டும். அறிக்கை 300 பக்கம் நீள்வதற்கும், ஒரு நோய் குடும்ப வழியில் வருவதற்கும் இதுவே விதி: ‘ரன்ஸ் டு’, ‘ரன்ஸ் இன் தி ஃபேமிலி’.

‘ட்ரை ரன்’ என்பதும் இதே ‘ரன்’ தானா?

ஆம், இங்கே அது பெயர்ச்சொல், ஒருமுறை இயக்கிப் பார்த்தல். 2021 ஜனவரி 2 அன்று நாடெங்கும் கொரோனா தடுப்பூசிக்கு ‘ட்ரை ரன்’ நடந்தபோது மருந்து தவிர மற்ற எல்லாவற்றையும் செய்து பார்த்தார்கள். ‘ஒத்திகை’ என்ற நம் சொல் அதற்குக் கச்சிதம். ‘பிரிண்ட் ரன்’ என்பது ஒரு தடவை அச்சிடும் படிகளின் எண்ணிக்கை.

நீதிமன்றத் தீர்ப்பில் தண்டனைகள் ‘ரன்’ ஆகும் என்று வருகிறது. காலமும் ‘ரன்’ ஆகிறதாம். இதை எப்படிப் புரிந்துகொள்வது?

இரண்டுமே நீளுதல் என்ற வழியில், இடத்துக்குப் பதில் காலத்தை வைத்துக்கொண்டவை. ஒரே வழக்கில் இரண்டு குற்றங்களுக்கு மூன்று ஆண்டும் ஐந்து ஆண்டும் சிறை என்று வைத்துக்கொள்வோம். தண்டனைகள் ‘ரன் கன்கரன்ட்லி’ என்று நீதிமன்றம் சொன்னால் இரண்டும் பக்கம் பக்கமாக ஓடி ஐந்து ஆண்டில் முடியும். இதைத்தான் நம் நாளிதழ்கள் ‘ஏக காலத்தில் அனுபவிக்க வேண்டும்’ என்று எழுதுகின்றன. ஒன்றன்பின் ஒன்றாக என்று சொன்னால் எட்டு ஆண்டு.

காலம் ஓடுவதைக் காண 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். அதன் மூன்றாம் நெடுவரிசையின் தலைப்பிலேயே ‘பிகின்ஸ் டு ரன்’ என்று இருக்கிறது. வழக்கு தொடுப்பதற்கான கெடு எந்த நாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது என்பதை அந்த நெடுவரிசை சொல்லும். கேட்கும்போது தருவதாக எழுதிக்கொடுத்த புரோநோட்டுக்குக் கெடு மூன்று ஆண்டு; அது ஓடத் தொடங்குவது பணத்தைத் திருப்பிக் கேட்ட நாளிலிருந்து அன்று, நோட்டின் தேதியிலிருந்து. ஒருமுறை ஓடத் தொடங்கிவிட்ட காலம், பின்னால் வரும் இயலாமை எதற்காகவும் நிற்காது என்பது அதே சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு வகுக்கும் பொது விதி.